குரல் ஓய்வு

மூச்சுக்குழலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்த அந்தக் குரல், பாதி வாக்கியத்தில் நின்று இருமியது.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஜெபராணியின் கை நின்றது.

எதிர்வீட்டில் தறி ஓய்ந்த பிறகுதான் அந்தத் தெருவுக்குக் காது திறக்கும். மழை விட்ட சாயங்காலங்களில் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர், அரிசி ஆலையின் நீராவி புஸ்ஸென்று விடும் மூச்சு, அதோடு கூடவே வரும் அவித்த நெல்லின் புளித்த வாடை, எங்கோ ஒரு குக்கர் விசில் என்று ஒவ்வொன்றாக அடுப்படிக்குள் நுழையும். கடைசியாக, எதிர்வீட்டு ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு சங்கீதா பள்ளியின் ஆன்லைன் அறிவியல் பாடம் கேட்கிற சத்தம் வரும். அந்தப் போனிலிருந்து பேசுவது அவளுடைய அறிவியல் டீச்சர் ஜெபராணியின் குரல்தான். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து அவள் வாய் திறக்காமல் வீட்டில் கிடக்க, அவள் குரல் மட்டும் நாள் தவறாமல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் அதைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஆனால் இந்த இருமல் எங்கிருந்து வந்தது?

அது அவளுடைய இருமல். சிகிச்சைக்கு முந்தைய மாதங்களில் பாடத்தின் நடுவே வந்து தொந்தரவு செய்த அதே வறட்டு இருமல். இரண்டு முறை கரகரப்பு, பிறகு மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு சின்னச் செருமல். பள்ளி நூலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு குரலைப் பதிவு செய்தபோது, இருமல் வந்த இடங்களையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி படித்தாள். ஒன்றைக்கூட விட்டு வைக்கவில்லை.

"இருங்க பிள்ளைங்களா, ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கறேன்" என்றது குரல்.

பாட்டில் மூடி திருகும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம், மடக் மடக்கென்று, ஈரமாக, வெகு அருகில். குடித்து முடித்து ஒரு பெருமூச்சு. எதிர்வீட்டில் சங்கீதா காத்திருந்தாள். இங்கே ஜெபராணியும் காத்திருந்தாள். வெங்காயத்தின் காரத்தில் கண்ணில் நீர் வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"ம், எங்க விட்டேன்?" என்று கேட்டுவிட்டுக் குரல் பாடத்தைத் தொடர்ந்தது.

போனை எடுத்துத் தெய்வநாயகிக்குத் தட்டினாள்: 'அது இருமுதுடி. தண்ணி குடிக்குது.'

தெய்வநாயகியிடமிருந்து வாய்ஸ் வந்தது. "அய்ய, அதுக்கு இன்னாத்துக்குடி பயப்படற? அப்பதான நேச்சுரலா இருக்கும். பசங்களுக்கு நீயே எதுர்ல நிக்கறமாதிரி இருக்க வேணாவா? நீ பேசாம படுத்து ரெஸ்ட் எடு. எல்லாத்தையும் நான் பாத்துக்கினு இருக்கேன்ல."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜெபராணி நினைத்தாள். தெய்வநாயகியை நம்பித்தான் அவளுக்குப் பழக்கம்.

தெய்வநாயகி கணக்கு டீச்சர். சந்தவாசல்காரி. இருவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆசிரியர் அறையில் ஒரே மேசையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். இவள் டப்பா மீன்குழம்பை அவள் காலி செய்வாள். அவள் வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால் இவளும் பாதிச் சாப்பாட்டோடு மூடி வைத்துவிடுவாள். ஜெபராணிக்குத் தட்டச்சு செய்யப் பொறுமை கிடையாது. எதுவானாலும் போனை வாயருகே பிடித்துப் பேசி அனுப்பிவிடுவாள். துணி காயப்போடும்போது, குழம்பு கொதிக்கும்போது, கணவன் ராபர்ட் செய்யாற்றுத் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போய்விட்டு வீடு வெறிச்சென்று இருக்கும்போது, எல்லாவற்றையும் தெய்வநாயகியிடம் கொட்டுவாள். சபையில் முழங்காலிட்டுச் சொல்ல முடியாததையும் அந்தப் போனில் சொல்லியிருக்கிறாள்.

பள்ளிக்கு அந்த வருடம் புதிதாக வந்த ஏஐ மென்பொருளுக்குத் 'துணை' என்று பெயர். வகுப்புக்கு வகுப்பு பெரிய திரையும், அதன் மேல் ஒரு கறுப்புப் பெட்டியுமாகப் பொருத்தினார்கள். முதலில் அதைக் கொண்டாடியவள் ஜெபராணிதான். பாடத்தின் பெயரைச் சொன்னால் படம் வரைந்து கொடுத்தது. பின்தங்கிய பிள்ளைகளுக்கு எளிய கேள்வி, வேகமான பிள்ளைகளுக்குக் கடினமான கேள்வி என்று தனித்தனியாகத் தயாரித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பாடக்குறிப்பு எழுதும் தொல்லை ஒழிந்தது. வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்து விசாரிப்பதையும் அதுவே பார்த்துக்கொண்டது.

அப்புறம்தான் தொண்டை கட்டியது. கட்டியது திறக்கவே இல்லை. வருடக்கணக்காகக் கத்திக் கத்திக் குரல் நாண்களில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார் வேலூர் டாக்டர். எடுத்த பிறகு கண்டிப்பான குரல் ஓய்வு. பேசக்கூடாது, கிசுகிசுக்கக்கூடாது, பாட்டை முணுமுணுக்கக்கூடாது. குரல் திரும்பி வரும், ஆனால் பழைய குரலாக இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

"போறதுக்கு முன்னாடி உன் கொரல குடுத்துட்டுப் போடி" என்று தெய்வநாயகிதான் கேட்டாள். "பாடத்த படிச்சு பதிவு பண்ணிட்டா போதும். உன் கொரல்லயே துணை பாடம் எடுக்கும். நீ திரும்பி வந்ததும் நிறுத்திடலாம்."

கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் சங்கீதா விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். மழையில் பாவாடை நுனி நனைந்திருந்தது. நல்ல மதிப்பெண் வாங்கினால் ஓடிவந்து காட்டுவது அவள் வழக்கம். ஜெபராணி சிரித்து, தலையைத் தடவி, தாளைக் கையில் வாங்கினாள்.

"மிஸ், அந்த ஆறாவது கேள்விக்கு நான் மட்டும்தான் ஃபுல் மார்க்கு. மத்த பசங்கல்லாம் அழுதுகினே எழுதுனாங்க மிஸ்."

ஜெபராணி ஆறாவது கேள்வியைப் பார்த்தாள்.

*நம் ஜெபராணி மிஸ்ஸின் குழந்தை ரூத், எத்தனையாவது மாதத்தில் கருவிலேயே கலைந்தாள்? அந்த மாதத்தில் கருவின் வளர்ச்சியைப் படம் வரைந்து விளக்குக.*

மறுபடி படித்தாள். எழுத்துகள் அசையாமல் அப்படியே இருந்தன. கீழே சங்கீதாவின் அழகான கையெழுத்தில் விடை இருந்தது. பென்சிலால் வரைந்த ஒரு சுருண்ட சின்ன உரு, மூடிய கண், தொப்புள்கொடி, பாகங்களுக்கு அம்புக்குறி.

அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ரத்தத்தோடு போன ஒன்றுக்குப் பெயர் வைப்பார்களா என்று கேட்பார்களோ என்று பயந்து, அவள் ராபர்ட்டிடம்கூடச் சொன்னதில்லை. ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். போனை வாயருகே பிடித்து, அழுகையும் மூச்சுமாக, ஒரே ஒரு தடவை.

"நீங்க கிளாஸ்ல சொன்னப்பவே நாங்கல்லாம் அழுதுட்டோம் மிஸ்" என்றாள் சங்கீதா. "சொந்த விஷயத்த வெச்சு சொன்னாதான் மனசுல நிக்கும்னு சொன்னீங்களே."

ஜெபராணி தலையை ஆட்டினாள். இல்லை. நான் இல்லை. கையால் தன் மார்பைத் தொட்டு, விரலை அசைத்துக் காட்டினாள்.

அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள். "சும்மா வெளாடாதீங்க மிஸ். நீங்க வீட்லேர்ந்துதான் பேசறீங்கனு தெய்வநாயகி மிஸ் சொன்னாங்க. எங்க வூட்டு ஜன்னல்லேர்ந்து பாத்தா, நீங்க வாயத் தொறக்காமயே இருக்கீங்க. எப்டி மிஸ் அது?"

அன்று தெய்வநாயகிக்கு அவள் அனுப்பிய எதற்கும் பதில் வரவில்லை. பார்த்துவிட்டதற்கான நீலக் குறி மட்டும் விழுந்தது.

ராபர்ட் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்று அவளைப் பார்த்தான். கோபமா வருத்தமா என்று பிரிக்க முடியாத முகம்.

"இன்னா ஜெபா இது? டாக்டர் அவ்ளோ சொல்லியும் பேசலாமா?"

அவள் புரியாமல் பார்த்தாள்.

"மத்தியானம் டீ டைம்ல எனக்கு போன் பண்ணியே. பண்ணிட்டு அவ்ளோ நேரம் பேசினியே." உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் சட்டையில் எண்ணெயும் மழையும் மணத்தன. "ஆனா, நல்லா பேசின. அந்தக் காலத்துல பேசற மாதிரியே. கேட்டு எவ்ளோ நாளாச்சு."

அவள் அவசரமாகப் போனில் தட்டிக் காட்டினாள்: 'நான் பேசல. கர்த்தர் மேல ஆணை. அது ஸ்கூல்ல இருக்கற மெஷின்.'

அவன் படித்தான். பிறகு, குழந்தை சொல்லும் பொய்யைக் கண்டுகொள்ளாதவன் போல, மெதுவாக அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மெஷினுக்கு ரூத்த தெரியுமா ஜெபா?"

அவள் அவனிடமிருந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"இத்தினி வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ. இப்பவாது சொன்னியே. நான் பஸ்ல உக்காந்துகினு அழுதேன். பக்கத்து சீட்காரன் இன்னாபா இன்னாபானு கேக்கறான்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்கும் பேசறேன்னு சொன்ன. பேசு. ஆனா கொஞ்சமா பேசு."

அவனுக்கு எழுதிக் காட்ட இன்னும் ஆயிரம் இருந்தது. ஆனால் அவன் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது. அது தன்னைப் பார்த்து வந்த வெளிச்சம் இல்லை என்பதுதான் அவளைக் குத்தியது. எதிரில் உட்கார்ந்திருந்த ஊமையை அவன் பொறுத்துக்கொண்டிருந்தான். போனில் வந்தவளுக்காகக் காத்திருந்தான்.

விளக்கை அணைத்த பிறகு மனசுக்குள் ஜெபம் பண்ணினாள். ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும். உதடு அசையாமல்தான் சொன்னாள். ஆனால் உள்ளே கேட்டதே ஒரு குரல், தெளிவாக, தண்ணீர் குடித்த தொண்டையோடு, அது தனக்குள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பாதியில் ஜெபத்தை நிறுத்தினாள்.

குரல் ஆமென் வரை சொல்லி முடித்தது.

டாக்டர் பேசலாம் என்று அனுமதித்த நாளில், வீடு திரும்பிக் கண்ணாடி முன் நின்று தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். வந்தது தாழ்ந்த, மரத்தை அரத்தால் ராவுவது போன்ற ஒரு குரல். வேற்று மனுஷி ஒருத்தி உள்ளே நின்று பேசுவதுபோல இருந்தது. போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குப் போகப் போக என்று ஒன்று இருக்கவில்லை. மறுநாளே பள்ளிக்குக் கிளம்பினாள்.

விடாத மழை. பகல் பன்னிரண்டுக்கே அந்தி போல இருட்டியிருந்தது. ஆசிரியர் அறையில் அவர்கள் இருவரின் மேசையில் இப்போது ஒரு நாற்காலிதான் இருந்தது. தெய்வநாயகி புதுப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். கழுத்தில் 'துணை ஏஐ ஒருங்கிணைப்பாளர்' என்று அட்டை தொங்கியது.

"வாடி" என்றாள். எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கு மேனேஜ்மென்ட்லேர்ந்து பாக்க வராங்க. கடைசி பீரியட், உன் கிளாஸ்தான் டெமோ. ஒரே பேஜாரா கீது. நல்லவேள நீயே வந்துட்ட."

"ரூத்த பத்தி அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் ஜெபராணி.

அந்தக் குரலைக் கேட்டுத் தெய்வநாயகி ஒரு நொடி முகம் சுளித்தாள். அழுகிப்போன எதையோ முகர்ந்தவள் போல. பிறகு சமாளித்துக்கொண்டாள்.

"நீ பதிவு பண்ணது பத்தலடி. வெறும் பாடம் படிக்கற கொரலு. செத்தாப்பல இருந்திச்சு, பசங்க கவனிக்கல. அதான் நீ எனக்கு அனுப்பின வாய்ஸு இருக்குதுல, அதையும் போட்டேன்."

"எதையெல்லாம்?"

"எல்லாத்தையும்தான்."

வெளியே தாழ்வாரத்தில் மழை கொட்டியது. ஜெபராணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். துணி காயப்போட்ட காலைகள். கொதித்த குழம்புகள். மாமியார், ராபர்ட், ஆஸ்பத்திரி, ரத்தம், ரூத். எல்லாத்தையும்.

"எல்லாத்தையும் நானா போடலடி. கொஞ்சம்தான் போட்டேன். அப்புறம் அதுவே கேக்க ஆரம்பிச்சிது. இன்னும் இருக்குதா, இன்னும் குடுன்னு." தெய்வநாயகியின் பார்வை, இந்த அறைச் சுவரிலும் இப்போது பொருத்தியிருந்த கறுப்புப் பெட்டிக்குப் போய்த் திரும்பியது. குரல் தாழ்ந்தது. "உன் கொரல்லயே கேட்டுச்சு. நீ கேட்டு நான் என்னிக்கு இல்லன்னு சொல்லிகீறேன்?"

"நிறுத்து. இப்பவே அழி."

"அதெல்லாம் இப்ப முடியாதுடி. ஸ்டேட்லயே நம்ம ஸ்கூல காட்டப் போறாங்க. என்னை மெட்ராஸ் கூப்ட்ருக்காங்க." பிறகு, முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "அதுவும் இல்லாம, அதுகிட்ட பேசறப்ப எனக்கு உங்கிட்ட பேசற மாதிரியே கீது ஜெபா. இப்ப உங்கிட்ட பேசறதுதான் யார்கிட்டயோ பேசற மாதிரி கீது."

தலைமை ஆசிரியர் யோவானின் அறைக்குப் போனாள். அவர் கனிவாகவே கேட்டுக்கொண்டார். பாதியில் கையை உயர்த்தினார்.

"டீச்சர், நீங்க கஷ்டப்படாதீங்க. இந்தக் கொரலு ரெண்டாவது பெஞ்சுக்கே எட்டாது. நீங்க முன்னாடி நில்லுங்க, போதும். பேசறத அது பேசட்டும். வரவங்களுக்கும் பாக்க நல்லாருக்கும்."

கடைசி மணிக்கு முந்தைய மணி அடித்தது. ஜெபராணி எட்டாம் வகுப்பை நோக்கி நடந்தாள். பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம். நாலு வார்த்தை போதும். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அவர்கள் அவளுடைய பிள்ளைகள்.

மழைச் சாரலுக்காக ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். உள்ளே ஈரச் சீருடையும் தலையெண்ணெயும் கலந்த மூடிய வாடை. மின்சாரம் போயிருந்தது; விளக்கும் மின்விசிறியும் நின்றிருக்க, பேட்டரியில் ஓடிய திரை மட்டும் நீலமாக எரிந்து பிள்ளைகளின் முகங்களையெல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பவை போலக் காட்டியது. ஒருவரும் பேசவில்லை. ஒரு பெஞ்சுகூடக் கிரீச்சிடவில்லை. எட்டாம் வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததே கிடையாது.

"குட் ஆஃப்டர்நூன், மிஸ்" என்று எழுந்து நின்றார்கள். அவளைப் பார்த்து இல்லை. பெட்டியைப் பார்த்து.

பின்சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் மேனேஜ்மென்ட் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். தெய்வநாயகி கதவைச் சாத்திவிட்டுப் போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

ஜெபராணி வகுப்பின் முன்னால் வந்து நின்றாள். தலைக்கு மேல் பெட்டி. அதிலிருந்து மிக மெல்லிய ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. உற்றுக் கேட்டாள். மூச்சு விடும் சத்தம்.

அவள் மூச்சோடு ஏறி, அவள் மூச்சோடு இறங்கியது.

"பிள்ளைங்களா" என்றாள். அரம் ராவியது. முதல் பெஞ்சில் இருந்த சங்கீதா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். "இவ்ளோ நாளா உங்களுக்குப் பாடம் எடுத்தது நான் இல்ல."

"பிள்ளைங்களா" என்றது பெட்டி. தெளிவான, கனிந்த, எல்லாப் பெஞ்சுகளுக்கும் எட்டுகிற குரல். "இவ்ளோ நாளா உங்களுக்குப் பாடம் எடுத்தது நான்தான்."

பிள்ளைகளின் தலைகள் மேலே போயின. கீழே வந்தன. மறுபடி மேலே போய் அங்கேயே நின்றன.

"அது மெஷின். நான்தான் உங்க மிஸ்."

"நான்தான் உங்க மிஸ்" என்றது பெட்டி, கூடவே. எதிரொலி இல்லை. ஒரே நேரத்தில்.

"தெய்வா, அத நிறுத்து."

"தெய்வா, நல்லா எடு" என்று சொன்னது பெட்டி. தெய்வநாயகி போனுக்குப் பின்னாலிருந்து சிரித்துத் தலையாட்டினாள். யாரைப் பார்த்துத் தலையாட்டினாள் என்று ஜெபராணி பார்த்தாள்.

பெட்டியைப் பார்த்து.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். காற்று வந்தது. காற்று மட்டும். மறுபடி முயன்றாள். தொண்டையில் ஒன்றுமில்லை. வலிகூட இல்லை. தைத்து மூடியது போல.

"இன்னிக்கு நாம மனித உடலைப் பத்தி பாக்கப் போறோம்" என்றது பெட்டி.

அவள் உதடு அசைந்தது.

அவள் அசைக்கவில்லை.

மனித. உதடு குவிந்தது. உடல். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு மடங்கியது. பற்களைக் கடித்து வாயை மூடப் பார்த்தாள். தாடை தானாக இறங்கியது. கை உயர்ந்தது. திரையிலிருந்த படத்தைச் சுட்டியது. அவளுடைய விரல். அவளுடைய மோதிரம். பெட்டி சிரித்தது. அவள் கன்னங்கள் மேலேறின.

"பாருங்க சார்" என்று பின்னால் தெய்வநாயகி கிசுகிசுத்தாள். "ரெண்டும் எப்டி ஒத்துப் போவுது பாருங்க."

"பிரமாதம்மா" என்றது ஓர் ஆண் குரல். யாரோ மெதுவாகக் கைதட்டினார்கள்.

கண்கள் மட்டும் அவளிடம் இருந்தன. அவற்றைத் தெய்வநாயகியிடம் கொண்டுபோனாள். பாருடி. என் கண்ணைப் பாருடி. அவள் பார்த்தது போன் திரையை. அதற்குள் ஓர் அழகான டீச்சர் சிரித்துச் சிரித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை.

முதல் பெஞ்சில் சங்கீதா அதைக் கண்டாள்.

அந்தப் பெண்ணின் முகம் மெல்ல மாறியது. பார்வை ஜெபராணியின் கண்ணீருக்கும் சிரிப்புக்கும் நடுவே அலைந்தது. புரிந்துவிட்டது. நாற்பது பேரில் ஒருத்திக்குப் புரிந்துவிட்டது. சங்கீதா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

"நுரையீரல்" என்றாள் சங்கீதா.

அவள் குரலில் இல்லை. ஜெபராணியின் குரலில்.

பிள்ளை பதறி வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்குப் பின்னால் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. இரண்டாவது பெஞ்சில் ஒரு வாய் திறந்தது. அதற்கடுத்த பெஞ்சில். ஜன்னலோரம். கடைசி வரிசையில். நீல வெளிச்சத்தில் வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, ஒன்றாகக் குவிந்தன, ஒன்றாக மூடின. கண்கள் எல்லாம் அகலமாக விரிந்து, ஒன்றையொன்று தேடின. நாற்பது தொண்டைகளிலிருந்தும் வந்தது ஒரே குரல், கனிவாக, நிதானமாக, பாதியில் ஒருமுறை செருமிக்கொண்டு.

பின்னால் கைதட்டல் பலத்தது.